அப்பா விழுந்துட்டார்

பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று அவனுக்கும் இருந்தது. சான்றிதழ்களுக்குள் அது பத்திரமாக இருந்தது. வீட்டில் அக்காவுக்கு அவன் தம்பி. பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த, அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த ஒரு பெண்மணிக்கும் தம்பிதான். கேன்டீன்காரரும் ஆய்வகத்துக் காவலாளியும்கூட அவனுக்கு வேறு பெயர் தேடி அலையவில்லை. இத்தனை பேருக்குத் தம்பியாக இருப்பவனை நாம் மட்டும் ஏன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்? தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

தம்பி முதுகலை இரண்டாம் ஆண்டு. காலையில் தன் வகுப்பு, மதியம் இளங்கலைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு, அவர்கள் பரீட்சை எழுதினால் கண்காணிக்க நிற்பது, எழுதிய கிறுக்கலை உட்கார்ந்து திருத்துவது, இத்தனைக்கும் நடுவில் சொந்த ஆய்வு. தலைக்கு மேல் வேலை என்று அவன் சொன்னால் அதில் பொய்யில்லை. ஆனால் யாரும் கேட்காதபோதும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தான், அதுதான் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். நலமா என்று கேட்டால் வேலை என்பான். சாப்பிட்டாயா என்றாலும் அதே பதில்தான்.

அவன் ஆய்வைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. ஒரு பெரிய கணினி. அதற்குள் ஒரு மென்பொருளைப் போட்டு, ஆறேழு கணினிகள் இருப்பதுபோல் பாவனை செய்ய வைக்கலாம். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒவ்வொன்றும் தன்னை அசல் கணினி என்று நம்பிக்கொண்டு ஒழுங்காக வேலை செய்யும். அவற்றை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், மேசையடியில் ஒரு கம்பிகூட இல்லாமல் ஒரு முழு நெட்வொர்க் தயார். அதை உடைத்துப் பார்க்கலாம், அறுத்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி கட்டலாம். யாருக்கும் நஷ்டமில்லை, யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. தம்பிக்கு அந்த வேலையில் ருசி தட்டியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த இயந்திரங்களுக்குப் பெயர் வைத்தவர் லேப் அக்கா. முன்னே சொன்ன பெண்மணி அவர்தான். இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டு, விட்ட படிப்பைப் பிடிக்க வந்தவர். பைக்குள் எப்போதும் பிஸ்கட் பொட்டலம் இருக்கும். பேராசிரியரே வாடிய முகத்தோடு வந்தால் அவருக்கும் இரண்டு எடுத்து நீட்டுவார். ஆய்வை இருவரும் சேர்ந்துதான் செய்தார்கள். தம்பி முதலில் இயந்திரங்களுக்கு எண்தான் கொடுத்திருந்தான். மூன்று எது, ஐந்து எது என்று லேப் அக்காவுக்கு ஒரு நாளும் நினைவில் நிற்கவில்லை. ஒரு நாள் பொறுமை போய், எல்லாவற்றுக்கும் உறவுமுறை வைத்துவிட்டார்.

உள்ளேயிருந்து எது வெளியே போனாலும் ஒரு இயந்திரத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அதன் இஷ்டம். அதற்கு அப்பா என்று பெயர். எந்தப் பொருள் எந்த முகவரியில் இருக்கிறது என்று கேட்டவுடன் சொல்லும் இயந்திரம் அம்மா. கேட்டதையெல்லாம் தூக்கிக் கொடுப்பது மாமா. அப்பா எப்போது சாய்வார், நாற்காலி எப்போது காலியாகும் என்று காத்துக்கொண்டு ஓரமாக ஓடும் மாற்று இயந்திரம் சித்தப்பா. வெளியாள் வந்தால் உட்கார வைத்து, மரியாதையெல்லாம் கொடுத்து, வீட்டுக்குள் மட்டும் விடாத பகுதிக்கு மாப்பிள்ளை என்று வைத்தார். ஆய்வகமே சிரித்தது. தம்பிக்கு அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. லேப் அக்காவுக்கு அது தெரியாது. அவனும் சொல்லவில்லை. அம்மா பதில் சொல்றாங்களா பாரு என்று அவர் கேட்கும்போதெல்லாம் விசைப்பலகையில் அவன் விரல் ஒரு நொடி நின்றுவிடும். பிறகு அதுவும் பழகிவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. ஆரம்பத்தில் தம்பி, லேப் அக்காவுக்குப் போனில், அப்பா விழுந்திருச்சு என்று எழுதினான். இயந்திரம் நின்றுபோனால் விழுந்துவிட்டது என்றுதானே சொல்வோம். லேப் அக்கா விடவில்லை. என்ன இருந்தாலும் அப்பா என்று பெயர் வைத்தாகிவிட்டது, ஆடு மாட்டைச் சொல்வதுபோல் சொன்னால் காதில் நாராசமாக விழுகிறது, ஒழுங்காக ‘ஆர்’ போட்டு எழுது என்றார். அன்றிலிருந்து இருவரும் அந்த இயந்திரத்துக்கு மரியாதை கொடுத்தார்கள். அப்பா விழுந்துட்டார். அப்பா எந்திரிச்சுட்டார். சித்தப்பா பொறுப்பு எடுத்துக்கிட்டார்.

விழுவது அடிக்கடி நடந்தது. ஏனென்றால் அவர்கள் ஆய்வே அதுதான். வாசலில் நிற்கும் இயந்திரம் திடீரென்று செத்துப்போனால், மற்றவை எவ்வளவு சீக்கிரம் வேறு வழி கண்டுபிடிக்கின்றன என்று பார்ப்பது. அதனால் அப்பாவை வேண்டுமென்றே தள்ளிவிட்டு, எழுப்பாமல் வைத்துவிட்டு, மற்றவர்கள் தடுமாறுவதை அளந்தார்கள். வெவ்வேறு வேளையில், வெவ்வேறு விதமாகத் தள்ளினார்கள். பேராசிரியருக்கு முடிவுகள் பிடித்திருந்தன. இன்னும் சில தடவை தள்ளிப் பாருங்கள் என்றார்.

அசல் அப்பா நகரத்தின் இன்னொரு மூலையில், அக்காவோடு இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கனத்த உடம்பு. பேச்சு மட்டும் குறைச்சல். அக்கா வீட்டிலேயே கணினியை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதினாள். பெரியவரைப் பார்த்துக்கொள்ள அதுதான் வசதி என்று எல்லோரும் சேர்ந்து அவள் தலையில் கட்டியாகிவிட்டது. தம்பியின் வாடகை அறை பல்கலைக்கழகத்தை ஒட்டி இருந்தது. அங்கிருந்து வண்டியில் கிளம்பினால் சட்டென்று வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அறைக்கும் வீட்டுக்கும் நடுவே எப்போதும் ஏதாவது ஒரு பரீட்சை, ஒரு கெடு தேதி, ஒரு கருத்தரங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். லேப்ல இருக்கறப்ப போன் பண்ணாதே, எதுன்னாலும் எழுதிப் போடு என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தான். அவளும் அப்படியே செய்தாள்.

அன்று மதியம் இளங்கலைப் பரீட்சை. தம்பி கண்காணிப்பாளன். நீளமான கூடம், வரிசை வரிசையாக மேசைகள், தலை குனிந்த பிள்ளைகள், மேலே கிர்ரென்று சுற்றும் மின்விசிறிகள். போனை அணைத்துப் பையில் வைக்க வேண்டும் என்பது விதி. பிள்ளைகளுக்கு அந்த விதியைப் படித்துச் சொன்னவனே தன் போனை மட்டும் சத்தமில்லாமல் சட்டைப்பையில் வைத்திருந்தான். மதியம் அப்பாவைத் தள்ளப் போகிறேன், தள்ளியதும் எழுதுகிறேன் என்று லேப் அக்கா காலையில் சொல்லியிருந்தார். அந்த அளவீடு கிடைத்துவிட்டால் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் முடிந்துவிடும்.

சட்டைப்பை அதிர்ந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் போய், சுவரோடு ஒட்டி நின்று, போனை உள்ளங்கையில் மறைத்தபடி எடுத்துப் பார்த்தான். பூட்டிய திரையின் மேல் ஒரு சின்னக் கட்டம். அக்கா என்று தொடங்கியது. கீழே ஒரே வரி.

‘அப்பா விழுந்துட்டார்.’

அவன் போனில் இரண்டு அக்காக்கள். ஒன்று வெறும் அக்கா, இன்னொன்று அக்கா லேப். அந்த அரை நொடியில் கண் முதல் சொல்லோடு நின்றுவிட்டது. எதிர்பார்த்த செய்தி, எதிர்பார்த்த வேளையில், எதிர்பார்த்த மரியாதையோடு வந்து நின்றது. அவன் எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? முன் வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான், கூடுதல் தாள் வேண்டுமாம். தம்பி அந்தக் கட்டத்திலேயே விரலை ஓட்டி அவசரமாகப் பதில் எழுதினான்.

‘கிடக்கட்டும் அக்கா, எழுப்பாதீங்க. மத்தவங்க எப்படி சமாளிக்கிறாங்கன்னு பாக்கலாம். எனக்கு இப்ப வேலை இருக்கு.’

அனுப்பினான். தலைமைக் கண்காணிப்பாளர் கதவருகே வருவது தெரிந்ததும் போனை அணைத்துவிட்டு, தாளைக் கொண்டுபோய்ப் பையனிடம் கொடுத்தான். மனசு நிறைவாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பரீட்சை முடிந்து, விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்துவிட்டு ஆய்வகத்துக்கு வந்தான். லேப் அக்கா அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். துறைத்தலைவர் யாரோ விருந்தாளிகளை அழைத்து வந்து ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்ததாகவும், கணினிப் பக்கமே போக விடவில்லையென்றும், பிஸ்கட்டையும் அவர்களே காலி செய்துவிட்டார்கள் என்றும் புலம்பினார். தம்பி சிரித்துக்கொண்டே, அப்பா விழுந்து எத்தனை நொடியில் சித்தப்பா எழுந்தார் என்று கேட்டான்.

“அப்பா இன்னும் விழவே இல்லையே தம்பி,” என்றார் லேப் அக்கா. “இப்பதான் தள்ளலாம்னு உக்காந்தேன்.”

திரையில் அப்பா பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தார். நீங்க எனக்கு எழுதினீங்களே என்று சொல்ல வாயெடுத்தவன், அணைத்து வைத்த போனை எடுத்துப் போட்டான். அக்கா என்ற பெயரில் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. கடைசியாக ஒரு மருத்துவமனையின் பெயரும், எந்த மாடி என்பதும். வேறு ஒரு சொல் இல்லை.

வண்டியை எப்படி ஓட்டிப் போனான் என்று அவனுக்கே தெரியாது. அக்கா சுருக்கமாகச் சொன்னாள். குளியலறையில் வழுக்கிவிட்டது என்றுதான் அப்பாவே முதலில் சொன்னார். ஒண்ணுமில்லம்மா, ஒரு கை கொடுத்துத் தூக்கி விட்டாப் போதும் என்றார். அவளால் அந்த உடம்பை அசைக்க முடியவில்லை. தம்பிக்கு எழுதினாள். பிறகு மாடி வீட்டுக் கதவைத் தட்டினாள், ஆள் இல்லை. எதிர் வீட்டுக்காரர் வர நேரமானது. அதற்குள் அப்பாவின் வாய் ஒரு பக்கம் இறங்கிவிட்டது, பேச்சு குழறியது. அப்போதுதான் இது வழுக்கல் இல்லை என்று அவளுக்கு உறைத்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அது நெரிசலில் மாட்டிக்கொண்டு மெதுவாக வந்தது.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். அடைப்பைக் கரைக்க ஒரு மருந்து இருக்கிறது, ஆனால் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கொடுத்திருக்கலாம் என்றார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தம்பி கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை. வலது பக்கம் முழுவதும் போயிருந்தது. பேச்சும் போயிருந்தது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள்.

அதன் பிறகு மூன்று நாள் அக்கா அவனோடு பேசவில்லை. மருந்துச் சீட்டை நீட்டுவாள், வாங்கிக்கொண்டு போவான். சாப்பாட்டுப் பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தி வைப்பாள். முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று அவன் அவள் பின்னாலேயே திரிந்தான். எப்படிச் சொல்வது? நான் வேறு ஒரு அப்பாவைச் சொன்னேன் என்றா? பொய் சொல்வதாக இருந்தால்கூட இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லலாமே. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஆய்வு, பட்டம் எல்லாம் எக்கேடு கெட்டும் போகட்டும், இந்த ஒன்றை மட்டும் அக்கா நம்பிவிட்டால் போதும் என்று அவனுக்கு இருந்தது.

நாலாம் நாள் வார்டு வாசலில், பார்வையாளர் நேரத்துக்குக் காத்திருந்தபோது சொல்லிவிட்டான். தொடக்கத்திலிருந்து சொன்னான். விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன, அதற்கு ஏன் உறவுமுறை வைத்தார்கள், ‘ஆர்’ எப்படி வந்தது, அவன் ஏன் அந்தச் செய்திக்காகக் காத்திருந்தான். சொல்லச் சொல்ல அவன் காதுக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. கடைசியில் பேச்சை நிறுத்திவிட்டு, லேப் அக்காவோடு நடந்த பேச்சைப் போனில் திறந்து அவள் கையில் கொடுத்தான்.

அக்கா மெதுவாக மேலே தள்ளிப் படித்தாள். அப்பா விழுந்துட்டார். எழுப்பிட்டேன். திரும்பத் தள்ளுங்க. அம்மா பதில் சொல்றாங்க. சித்தப்பா பதவிக்கு வந்துட்டார், இனி இறங்க மாட்டார் போல. மாதக்கணக்கில் இருந்தது. ஒரு இடத்தில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தம்பிக்கு அழுகை வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“நம்பறேன்டா,” என்றாள். “எனக்கு அந்த ‘எழுப்பாதீங்க’ங்கறதுதான் இடிச்சுது. நீ என்னை என்னைக்கு ‘ங்க’ போட்டு எழுதியிருக்க? வேலை நடுவுல எழுதிட்டேன்னு கோவத்துல குத்திக் காட்டறன்னு நினைச்சுக்கிட்டேன்.”

அவன் நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை எடுத்து வைத்ததுபோல் இருந்தது. அக்கா போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இந்த அப்பா விழுந்தபோதெல்லாம் அடுத்த நிமிஷமே பதில் போட்டிருக்கிறாயே என்று சாதாரணமாகச் சொன்னாள். கேலி இல்லை, கோபமும் இல்லை, கணக்கு எழுதுகிறவளின் கண்ணில் பட்டது, சொன்னாள். அவளுக்கு அவன் பதில் போட எத்தனை நாள் ஆகும் என்பது இருவருக்குமே தெரியும்.

அப்பாவிடம் சொல்ல வேண்டும், அவருக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிட வேண்டும் என்றான். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாதே என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வதுபோல் ஒரு வார்த்தையையும் சேர்த்தான்.

“தெரியும்டா,” என்றாள் அக்கா. “கீழ படுத்துக்கிட்டே கேட்டார், தம்பி என்ன சொல்றான்னு. நான் படிச்சுக் காட்டிட்டேன்.”

“அப்பா என்ன சொன்னார்?”

“சரிம்மா, அவனுக்கு வேலை இருக்கும், நீ மாடியில யாராவது இருக்காங்களா பாருன்னார்.” அக்கா போனை அவன் மடியில் வைத்தாள். “வேற யாராவது உன் போனை எடுத்து எழுதிட்டாங்களோன்னுகூட எனக்குத் தோணலை. அவருக்கும் தோணலை. அந்த ‘ங்க’வைத் தவிர, நீ எப்பவும் எழுதற மாதிரிதான் இருந்துச்சு.”

நர்ஸ் கதவைத் திறந்து, இரண்டு பேர் மட்டும் வரலாம் என்றார். அக்கா எழுந்து முன்னால் போனாள். தம்பி பின்னால் போனான். அப்பா தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். யாரோ முகம் மழித்து விட்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் அவர் கண்ணில் அடையாளம் தெரிந்தது, அதில் சந்தேகமில்லை. வாய் ஒரு பக்கமாக அசைந்து, ஏதோ ஒரு சத்தம் வந்தது. இடது கையைப் போர்வைக்கு மேல் தூக்கி, விரல்களைக் கதவுப் பக்கமாக இரண்டு தடவை அசைத்தார்.

காற்று வேண்டுமோ, விசிறியைக் கூட்டட்டுமா என்று நர்ஸ் கேட்டார். அப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டு, மறுபடியும் அதேபோல் கையை அசைத்தார். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தம்பி தேடிப் பார்த்தான். இல்லை. சின்ன வயதில் அவன் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு திரும்பித் திரும்பிப் பார்க்கும்போது இருந்த அதே முகம்தான்.

“உன்னைத்தான்,” என்றாள் அக்கா. “வேலை இருக்கும், போகச் சொல்றார்.”

எனக்கு வேலை இல்லப்பா என்று தம்பி சொன்னான். அப்பாவுக்கு அது கேட்டதா, கேட்டும் நம்பவில்லையா என்று தெரியவில்லை. அவன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்த பிறகும் அந்தக் கை கதவைக் காட்டிக்கொண்டே இருந்தது.